ஒரே நபர்

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே
நோட்டரி வக்கீலின் மேசையில்
என் இரண்டு பட்டங்களும் கிடக்கின்றன.
பாரீஸ் கொடுத்ததில் ஜெனிஷா கிறேஸ்பாய்.
டோக்கியோ கொடுத்ததில் கிறேஸ்பாய் ஜெனிஷா.
"இதில யாரு பிள்ளே நீ?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்கிறார்.

குடும்பப்பெயர் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம்,
சிவப்பு நட்சத்திரம் போட்டது,
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
மேல்புறத்தில் எங்களுக்குக் குடும்பம் உண்டு,
அதற்கென்று பெயர் இல்லை.
நான் மூன்றாம் வகுப்பில் இருக்கையில்
ரப்பர் வெட்டப் பத்தனம்திட்டா போன அப்பா
இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.
அம்மாவின் பெயரை எழுதினேன்.
பக்கம் திறந்தது.

பொதுக் கொள்கையில் இரட்டை முதுகலை,
ஒரு வருடம் ஒரு நாடு, மறு வருடம் வேறு நாடு
என்று விளக்கியபோது
"ஒரு டிக்கெட்டில ரெண்டு படமா?" என்றாள்.

பாரீஸில், இரண்டாம் பருவத்தில்,
மானியக் கசிவு என்றொரு பாடம்.
ஏழைக்கென்று புறப்பட்ட அரிசி
வழியில் எவ்வளவு ஒழுகுகிறது என்பதற்கு
கிரேக்க எழுத்தில் ஒரு குறி.
பேராசிரியை பலகையில் அதை எழுதியதும்
களியக்காவிளை பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில்
பழைய சேலை சுற்றி உருட்டிவைத்த
பத்துக் கிலோப் பொதி
எனக்குத் தெரிந்தது.

ரேஷன் அரிசி வேண்டாதவர் வீடுகளில்
கிலோ ஐந்துக்கு எடுப்பாள்.
படந்தாலுமூட்டில் இறங்கி, தோட்டங்களுக்குள் நடந்து,
பாறசாலையில் பதினாலுக்குக் கொடுப்பாள்.
இரண்டு முறை பிடித்தார்கள், பேர் கேட்டார்கள்.
முதல் முறை மேரி என்றாள்,
இரண்டாம் முறை தங்கம்.
என் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டியது
மேரியும் தங்கமும்.

டோக்கியோவில் தீசிஸ், எண்பத்துநாலு பக்கம்.
அட்டவணை ஆறு: எல்லைக் கிராமங்களில்
நூற்றுக்கு இருபத்துமூன்று கசிவு.
இந்த எண் எப்படிக் கிடைத்தது என்று
தேர்வாளர் மரியாதையாகக் கேட்டார்.
கள ஆய்வு என்றேன்.
அந்தக் களம்தான் எனக்குச் சோறு போட்டது
என்று சொல்லவில்லை.
அடைத்தால் அரசுக்கு மிச்சம் இத்தனை கோடி
என்று நானே கணக்குப் போட்டேன்.
அடைக்கச் சொல்லி எழுதினேன்.
பிறகு அழித்தேன்.
ஒப்படைக்கும் இரவில்
பாதியை மட்டும் திரும்ப எழுதினேன்.
அந்தப் பாதியைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

பட்டமளிப்பை அம்மா போனில் பார்த்தாள்,
ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே நின்று.
அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.
நம் இனிஷியல் போலவே
வீட்டுப் பெயரை முதலில் சொல்லும் ஊர் அது.
ஒலிபெருக்கியில் "கிறேஸ்பாய்" என்றார்கள்.
மூச்சு விடும் நேரம்.
அதற்குள் அம்மா போனைக் கவிழ்த்துவிட்டாள்.
"எம் பேர எதுக்கு மக்கா விளிக்குகானுவ?
யாரு சொல்லிக் குடுத்தது?"

இப்போது முத்திரைத்தாளில்
வக்கீல் டைப் அடிக்கிறார்:
மேற்படி இரண்டு பெயர்களும்
ஒரே நபரையே குறிக்கும் என
இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.
சாட்சிக்கு ஓராள் வேணும் என்கிறார்.

அம்மா கோர்ட்டு வாசலைப் பார்க்கிறாள்.
அங்கே ஒரு போலீஸ்காரர்
மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார்.
"முழுப் பேரும் எழுதணுமா?"
ஆமா.
பேனாவை வாங்கி, றே வருமுன் மை நின்றுபோக,
உதறிவிட்டு மறுபடி எழுதுகிறாள்.
பெரிய எழுத்து.
கட்டத்துக்குள் நிற்கவில்லை,
தேதி போடும் இடம்வரை போய்விட்டது.

வக்கீல் தாளைத் திருப்பிப் பார்க்கிறார்.
"கெடக்கட்டு," என்கிறார்,
"இது செல்லும்."